நாற்காலியை விட்டு எழுந்த இருவர்

ஞாயிறு திருப்பலி முடிந்து, கோவில் முற்றத்து வேப்பமர நிழலில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "வாத்தியாரய்யா, ஒரு நிமிடம் நில்லுங்கள்" என்று ஒரு தாய் அழைத்தார். நாமக்கல்லில் எங்கள் பங்கைச் சேர்ந்தவர். அவருடைய மகன் என்னிடம் பயின்றவன். அம்மையாரின் முகத்தில் உறக்கமில்லாத இரவுகள் எழுதியிருந்தன.

"பையன் வேலையை விடப் போகிறானாம், ஐயா."

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் ஐந்தாண்டுகளாகப் பணிபுரிபவன் அவன். நல்ல சம்பளம். அதைக் கொண்டே வீடு எழும்பிற்று; அதன் கடன் இன்னும் தீரவில்லை. தங்கைக்கு வரும் தை மாதத்தில் திருமணம் செய்வதாகப் பேச்சு. அங்கே யாரேனும் அவனை அவமதித்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். இதைவிடப் பெரிய வேலை கிடைத்திருக்கிறதா என்றேன். அதுவும் இல்லையாம். பிறகு என்னதான் செய்யப் போகிறான்?

"மரம் செதுக்கப் போகிறானாம்!" என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சேலம் மாவட்டத்தின் கிழக்கே, கெங்கவல்லி வட்டத்தில் தம்மம்பட்டி என்னும் ஊர் மரச்சிற்பத்திற்குப் பெயர்போனது. புவிசார் குறியீடு பெற்ற கலை அது. வாகனங்களும் தெய்வ உருவங்களும் கதவு நிலைகளும் அங்கிருந்து நெடுந்தொலைவு போகின்றன. அவ்வூர்ப் பட்டறை ஒன்றில் சேர்ந்து உளி பிடிக்கக் கற்பதே பையனின் நோக்கம். "அங்கே இருக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது" என்று மட்டுமே காரணம் சொல்கிறானாம்.

அன்று மாலை அவர்கள் இல்லம் சென்றேன். தந்தையார் முப்பதாண்டுகள் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தச்சுவேலை பார்த்தவர். நாமக்கல்லில் பாடி கட்டி வெளியேறும் லாரிகள் நாடெங்கும் ஓடுகின்றன என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். அவற்றுள் எத்தனையோ லாரிகளின் பலகை இவர் கையால் இழைக்கப்பட்டது. அவர் என்னை வரவேற்றுவிட்டுச் சொன்ன முதல் வாக்கியம் இன்னும் என் செவியில் நிற்கிறது. "நான் முப்பது வருடம் மரத்தோடு மல்லுக்கட்டியது எதற்காக, வாத்தியாரே? இவன் மரத்தைத் தொடாமல் வாழ வேண்டும் என்றுதானே?"

மகன் தலை குனிந்து நின்றான். அந்த நேரத்தில் நான் யாருக்கு உபதேசம் செய்வது? அவர்களுக்குப் பெரிய போதனை எதுவும் சொல்லவில்லை. நம்முடைய இதே சமவெளியில், நல்ல நாற்காலியை விட்டு எழுந்த இருவரைப்பற்றிப் பேசினேன். அப்போது பேசியதையும், வீடு திரும்பிய பின்பு எண்ணிப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். நம் குடும்பங்களில் இந்தக் கலக்கம் அந்த ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

முதலாமவர் எங்கள் ஊர்க்காரர். காவிரிக் கரையில் உள்ள மோகனூரில் 1888ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் பிறந்த இராமலிங்கம் பிள்ளை. இன்று "நாமக்கல் கவிஞர்" என்றால்தான் பலருக்கும் தெரியும். ஆனால் அவர் கவிஞர் என்று பெயரெடுப்பதற்கு முன்பே ஓவியர். ஓவியத்தைத் தொழிலாகக் கொள்வதற்கு முன்பு நாமக்கல் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா.

தந்தையார் வெங்கடராமன் பிள்ளை காவல்துறையில் ஹெட் கான்ஸ்டபிள். பெண் குழந்தைகளுக்குப் பின்பு, எட்டாவதாகப் பிறந்த ஆண்மகன் இவர். அத்தகைய வீட்டில் அந்தப் பிள்ளையின் மீது எத்தனை எதிர்பார்ப்புகள் சுமத்தப்பட்டிருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டுவதில்லை. தாம் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்தவர், மகன் அதற்கு மேலே சப்-இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும் என்று விரும்பினார். மகனுக்கோ அதில் நாட்டமில்லை. கடைசியில் கிடைத்தது தாலுகா கச்சேரி வேலை.

அக்காலத்தில் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா என்றால் என்ன என்பதை இளைய வாசகர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். நிலவரி, பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் அந்த மேசைகளைக் கடந்தே போக வேண்டும். ஜமாபந்தி நாட்களில் ஊர்ப் பெரியதனக்காரர்கள் எல்லாம் அக்கச்சேரியின் தாழ்வாரத்தில் காத்து நிற்பார்கள். சம்பளம் சிறிதானாலும் மாதம் தவறாது. முதுமையில் ஓய்வூதியம் உண்டு. பெண் கொடுக்க வருகிறவர்கள் வேறு விசாரணை செய்வதில்லை. மழை பொய்த்தால் குடி பெயரும் மானாவாரிச் சீமையில், வானத்தைப் பார்க்காமல் உண்ணக்கூடிய சோறு சர்க்கார் சோறு ஒன்றே. "அரைக் காசானாலும் அரண்மனை உத்தியோகம்" என்ற பழமொழி வெறும் பேராசையில் பிறந்ததல்ல. பஞ்சம் கண்ட மக்கள் சொன்ன சொல் அது.

அந்த நாற்காலியில் இராமலிங்கம் பிள்ளை நெடுநாள் அமரவில்லை. பின்பு தொடக்கப்பள்ளி ஆசிரியராகச் சில காலம் இருந்தார். அதிலும் நிலைக்கவில்லை. வண்ணமும் தூரிகையும் அவரை இழுத்துக்கொண்டன. ஓவியம் வரைவதையே பிழைப்பாக்கிக்கொண்டார்.

இங்கே நான் தம்பியிடம் வற்புறுத்திச் சொன்ன ஒன்று உண்டு. உத்தியோகத்தை விட்ட பிறகு ஓவியம் கற்கப் புறப்பட்டவரல்லர் அவர். இளம்பருவத்திலிருந்தே கை பழகியிருந்தது. பிறர் பார்த்து வியக்கும் அளவுக்குப் பழகியிருந்தது. 1911ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு தர்பார் நடந்ததல்லவா? அதையொட்டி அவர் தீட்டிய படத்திற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்றை ஒட்டித்தான் இருக்கும். நாமக்கல் கோட்டைப் பாறையின் கீழே வளர்ந்த ஒரு பிள்ளையின் கைவண்ணம் தில்லி வரை சென்றது.

பதக்கம் பெட்டிக்குள் இருக்கும். அடுப்போ நாள்தோறும் எரிய வேண்டும். அக்காலத்து ஓவியர்க்கு வருவாய் பெரும்பாலும் உருவப்படங்களிலிருந்து வந்தது. செல்வந்தர் வீட்டுப் பெரியவரின் உருவத்தைப் பார்த்தோ, மறைந்தவரின் சிறு புகைப்படத்தைக் கொண்டோ, கூடத்தில் மாட்டத்தக்க பெரிய படம் எழுதித் தர வேண்டும். மாதக்கணக்கில் உழைப்பு, படம் முடிந்த பின்னரே பணம், அதிலும் "மூக்கு எங்கள் தாத்தாவுடையதுபோல் இல்லையே" என்று ஒருவர் சொல்லிவிட்டால் திரும்பவும் தூரிகையை எடுக்க வேண்டும். தாலுகா கச்சேரியில் ஒரே ஒரு தாசில்தார். ஓவியனுக்கோ படம் வாங்குகிற ஒவ்வொருவரும் தாசில்தார்!

ஆகவே அவர் சுகத்தைத் தேடி வேலையை விட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. இந்த இடத்தில் தந்தையார் நிமிர்ந்து பார்த்தார். மகன் "மகிழ்ச்சி" என்று சொன்னபோதெல்லாம் அவர் காதில் "சுகம்" என்றே விழுந்திருக்கிறது. பையன் உழைக்கச் சோம்புகிறான், குளிர்ந்த அறையில் அமர்ந்து அலுத்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நம் வீடுகளில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இப்படித்தான். இருவரும் ஒரே சொல்லைச் சொல்வார்கள், இருவருக்கும் அது வேறு வேறு பொருள்படும்.

இராமலிங்கம் பிள்ளையின் வாழ்வு ஓவியத்தோடும் நிற்கவில்லை. சுதேசிக் காற்று வீசிற்று, காந்தியடிகளின் இயக்கத்தில் தம்மை ஒப்புக்கொடுத்தார், ஊர் ஊராகப் பேசினார், பாடல் புனைந்தார். 1930ஆம் ஆண்டு வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்திற்குத் திருச்சியிலிருந்து நடந்து சென்ற தொண்டர்கள், வழி நெடுகிலும் பாடிச் சென்றது அவர் எழுதிய பாட்டைத்தான். மன்னரின் முடிசூட்டுக்குப் படம் எழுதிப் பதக்கம் பெற்ற அதே கை, அந்த முடிக்கு எதிராக நடப்பவர்களுக்குப் பாட்டெழுதிக் கொடுத்தது. 1932இல் ஓராண்டு சிறையும் சென்றார். 1949ஆம் ஆண்டில் அரசு அவரை அரசவைக் கவிஞராக்கியது. அப்போது அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. 1971இல் பத்மபூஷண். சென்னைக் கோட்டைத் தலைமைச் செயலகத்தில் உயர்ந்து நிற்கும் பத்து மாடிக் கட்டிடம் இன்று அவர் பெயரால் "நாமக்கல் கவிஞர் மாளிகை" என்றே வழங்குகிறது. தாலுகா கச்சேரியை விட்டுப் போன குமாஸ்தாவின் பெயரைத் தாங்கிய மாளிகைக்குள் எத்தனை ஆயிரம் அரசு ஊழியர் நாள்தோறும் நுழைகிறார்கள்! இதைச் சொன்னபோது அந்த வீட்டில் அன்று முதன்முறையாக ஒரு சிரிப்பு எழுந்தது.

ஆனால் கணக்கு மறக்கக்கூடாது. கச்சேரியை விட்ட நாளுக்கும் அரசவைக் கவிஞரான நாளுக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். மாளிகையைப் பார்க்கிறவர்கள் அந்த நாற்பது ஆண்டுகளைப் பார்ப்பதில்லை. வேலையை விடத் துடிக்கும் பிள்ளைகளிடம் பெரியோரின் வெற்றியைச் சொல்லி ஊக்குவிக்கும் பேச்சாளர்கள் மீது எனக்கு நீண்ட நாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர்கள் தொடக்கத்தையும் முடிவையும் சொல்வார்கள். நடுவே மளிகைக் கடைக்காரர் கேட்ட பாக்கியைச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாமவரின் கதை வேறு விதம். அவர் விட்டது சிறிய வேலையன்று.

ஓசூர் அருகே, அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பிறந்த இராஜகோபாலாச்சாரியார், 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே சேலத்தின் முன்னணி வக்கீல்களில் ஒருவராகிவிட்டார். 1911இல் நகரசபை உறுப்பினர். 1917இல் நகரசபைத் தலைவர். சேலத்தில் வாழ்ந்தபோதே, அறிவியலைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று 1916இல் நண்பர்களோடு சேர்ந்து கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் அமைத்தவர். வருவாய், மதிப்பு, செல்வாக்கு ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்த நாற்காலி அது. இல்லத்திலோ மனைவி இளமையிலேயே மறைந்துவிட்டார், ஐந்து குழந்தைகள். பெண்மக்களில் ஒருவருக்கு நாமகிரி என்று பெயர். எங்கள் நாமக்கல் தாயாரின் திருப்பெயர் அது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1919ஆம் ஆண்டில் சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் காந்தியடிகள் சென்னை வந்தபோது அவரோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பு நேர்ந்தது. ஒத்துழையாமை இயக்கம் எழுந்து, வக்கீல்கள் நீதிமன்றங்களைத் துறக்க வேண்டும் என்ற அழைப்பு வந்தபோது அவர் தம் தொழிலைத் துறந்தார். சிறை சென்றார். பின்பு 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையம் என்னும் சிற்றூரில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அவ்வூர் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் நிலம் அளித்தார்.

புதுப்பாளையத்தை நம் வாசகர்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும். சுற்றிலும் வறண்ட மேட்டு நிலம், பனைமரங்கள், கோடையில் கண்ணைக் கூச வைக்கும் வெயில். சேலத்து வக்கீல், பன்னிரண்டு பதின்மூன்று வயதே ஆன இளைய மகள் லட்சுமியையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்து சிறு குடிலில் குடியேறினார். ஆஸ்துமாவால் அவதிப்பட்ட உடம்பு வேறு.

அங்கே நடந்த வேலை என்ன? மழையில்லாக் காலத்தில் விவசாயக் கூலி கிடையாது. வீட்டுப் பரணில் கிடந்த இராட்டையை எடுத்து நூற்கச் சொல்லி, பஞ்சு கொடுத்து, நூலை வாங்கிக்கொண்டு கூலி தந்தது ஆசிரமம். சுற்றுக் கிராமப் பெண்கள் மைல் கணக்கில் நடந்து நூலைச் சுமந்து வருவார்கள். நூலின் தரம் பார்க்க வேண்டும், எடை போட வேண்டும், காசைக் கணக்கிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். கூடவே மருந்தகம், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரச்சாரம். ஒடுக்கப்பட்ட மக்களை ஆசிரமத்திற்குள் சேர்த்துக்கொண்டதால் அக்கம்பக்கத்தாரின் பகையும் வந்தது. நீதிபதிகளின் முன்னே பெரிய வழக்குகளைப் பேசிய நாக்கு, கள்ளுக்கடைக்குப் போகாதே என்று ஒரு கூலிக்காரனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது!

1929இல் மதுவிலக்குக்கென்றே "விமோசனம்" என்ற இதழை நடத்தினார். அவருக்குத் துணை நின்றவர் பின்னாளில் "கல்கி" என்று தமிழகமே கொண்டாடிய கிருஷ்ணமூர்த்தி. கல்கியும் நாற்காலிகளை விடுவதில் கைதேர்ந்தவர்தாம். பள்ளியிறுதியை எட்டும் நேரத்தில் படிப்பையே விட்டார், திரு. வி. க.வின் "நவசக்தி"யை விட்டு ஆசிரமம் வந்தார். பின்னர் புகழின் உச்சியில் "ஆனந்த விகட"னை விட்டு, 1941இல் சொந்த இதழ் கண்டார். வக்கீல் தொழிலை 1920இல் துறந்த கே. சந்தானமும் அந்த ஆசிரமத்தில் இருந்தவர்; சுதந்தரத்திற்குப்பின் மத்திய மந்திரியானார்; ஊழலை ஆராய 1962இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்தப் பனங்காட்டு மேட்டில் விட்டு வந்தவர்களின் கூட்டமே கூடியிருந்தது.

இந்த இடத்தில் தந்தையார் குறுக்கிட்டார். "அவர்கள் நாட்டுக்காக விட்டார்கள், வாத்தியாரே. இவன் தன் சந்தோஷத்துக்காக விடுகிறான். இரண்டும் ஒன்றாகுமா?"

ஆகாதுதான். நியாயமான கேள்வி, நான் மறுக்கவில்லை. நாடு அழைத்தபோது போனவரையும், நெஞ்சம் இழுத்தபோது போனவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் ஒன்று கவனியுங்கள். கடமைக்காக மட்டுமே, முகம் சுளித்துக்கொண்டு, ஒரு மனிதர் அந்த வெயிலில் ஆண்டுக்கணக்கில் நூல் எடை போட்டுக்கொண்டிருக்க இயலுமா? இராஜாஜியின் சிறுகதைகளைப் படித்துப் பாருங்கள். குடியால் அழிந்த குடும்பங்கள், ஒதுக்கிவைக்கப்பட்டவர்களின் வேதனை என அவற்றில் பல இந்த மண்ணில் கண்டவற்றிலிருந்து பிறந்தவை. அவருடைய "திக்கற்ற பார்வதி" 1974இல் திரைப்படமாகவும் வந்தது. ஊன்றிக் கேட்டவர்க்கன்றி அப்படி எழுத வராது. விருப்பமில்லாத இடத்தில் எவரும் அவ்வளவு ஊன்றிக் கேட்பதில்லை.

இன்னொரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வந்தது. ஆசிரமம் தொடங்கிய அந்தக் காலத்திலேயே, திருச்சானூர்க் கோவிலுக்குள் வழிபடச் சென்ற தாழ்த்தப்பட்ட வகுப்புப் பக்தர் ஒருவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. சித்தூரில் அதன் அப்பீல். நீதிமன்றத்தைத் துறந்த இராஜாஜி, அந்த ஏழைக்காகத் தம் விரதத்தைச் சற்றே தளர்த்திக்கொண்டு அங்கே சென்று வாதாடினார். அவர் விடுதலை பெற்றார். கைக்கூலி எதுவும் இல்லை. சேலத்தில் பல ஆண்டுகள் கூர் தீட்டிய அறிவு, தொழிலை விட்ட பின்பும் துருப்பிடிக்கவில்லை. 1937ஆம் ஆண்டு சென்னை மாகாணப் பிரதமரானதும், அக்டோபர் முதல் தேதியில் அவர் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது எங்கே? நம் சேலம் மாவட்டத்தில்தான். புதுப்பாளையத்து வேலை கோட்டைக்குப் போய்ச் சட்டமாயிற்று.

பையன் அப்போதுதான் வாய் திறந்தான். "ஐயா, நான் வேலையில் தோற்றுப்போய் வரவில்லை. அதை நீங்கள் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும்."

அவன் சொன்னதில் பொருள் இருக்கிறது. நம் வீடுகளில் பலரும் அறிந்த புனித அல்போன்ஸ் மரிய லிகோரியார் நினைவுக்கு வருகிறார். நேப்பிள்ஸ் நகரில் பதினாறு வயதிலேயே சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், பேர்பெற்ற வழக்கறிஞர். 1723ஆம் ஆண்டில் ஒரு பெரிய வழக்கில் தோற்றார். நீதிமன்றத்தைவிட்டு வெளியேறியவர் திரும்பவே இல்லை. 1726இல் குருவானார். கப்பற்படை அதிகாரியான அவர் தந்தை எத்தனை துயருற்றார் என்பதை அவருடைய வரலாற்றில் படிக்கிறோம். தோல்வியின் அதிர்ச்சியில் எடுத்த முடிவும் நல்ல முடிவாக அமையலாம் என்பதற்கு அவரே சான்று. ஆனாலும் அது அபூர்வம். அடிபட்ட அன்று எழுதும் இராஜினாமாக் கடிதத்தை ஒரு வாரம் மேசை அறையில் பூட்டி வைப்பது நல்லது என்பது என் எண்ணம். இராஜாஜியோ வென்றுகொண்டிருந்தபோதே எழுந்தவர். இந்தப் பையனும், அவன் சொல்வது உண்மையானால், அந்த வகை.

"சரி, தம்பி. இதுவரை எத்தனை நாள் உளி பிடித்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

விடுமுறைகளில் போய் வந்ததையெல்லாம் கூட்டினால் பத்து நாள் தேறும் என்றான். செய்தது ஏதாவது இருக்கிறதா என்றேன். உள்ளே சென்று துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தான். ஒரு சாண் உயரத்தில் தாமரை மொக்கு போன்ற ஒரு வேலைப்பாடு. எனக்கு அதன் நயம் குறை தெரியாது. தந்தையார் கை நீட்டி வாங்கினார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். முப்பதாண்டு மரவேலை பார்த்த விரல் அல்லவா?

"ரேகை பார்க்காமல் வெட்டியிருக்கிறாய். இந்த இடத்தில் சிலும்பியிருக்கிறது, பார்" என்றார்.

மகன் அருகே வந்து குனிந்து பார்த்தான். அதன்பின் இருவரும் அந்தச் சிலும்பலைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்; நானும் அம்மையாரும் காபி குடித்து முடித்தோம். வேலையை விடுவது பற்றிய பேச்சு சற்று நேரம் காணாமல் போயிற்று.

பிறகு அது திரும்பி வந்தது, வராமல் இருக்குமா? அம்மையார்தாம் கணக்கை எடுத்தார். திருமண அழைப்புக்கு வந்திருந்த ஒரு உறையின் பின்பக்கத்தில் எழுதினோம். வீட்டுக்கடனில் இன்னும் பதினான்கு தவணை. தங்கையின் திருமணச் செலவு. தந்தைக்கு ஆண்டுக்கு இருமுறை கண் மருத்துவம். மகனுக்கு இதில் பாதி தெரிந்திருக்கவில்லை. பணம் அனுப்புகிற பிள்ளைகளுக்கு, அந்தப் பணம் எங்கே போகிறது என்பதை நாம் சொல்வதில்லை. அவர்கள் மனம் வருந்துமே என்று மறைக்கிறோம். பின்னர் ஒருநாள் அவர்கள் கணக்கறியாமல் முடிவெடுத்தால் குற்றம் சாட்டுகிறோம். தங்கையும் உறையை எட்டிப் பார்த்து, தன் திருமணத்திற்கென எழுதியிருந்த தொகை ஒன்றைப் பேனாவால் அடித்துவிட்டு, "இவ்வளவு வேண்டாம்" என்றாள். தாய் அதை மறுபடியும் எழுதினார். அவள் மறுபடியும் அடித்தாள். அந்த வழக்கு அன்று தீரவில்லை.

இராஜாஜியோடு ஆசிரமம் சென்ற இளைய மகளை அப்போது நினைத்துக்கொண்டேன். சென்னையில் வளரவேண்டிய சிறுமி, தந்தையின் தீர்மானத்தால் சிற்றூர்க் குடிலுக்கு வந்தாள். பின்னாளில், 1933ஆம் ஆண்டில், காந்தியடிகளின் மகன் தேவதாஸை மணந்தார் என்பது நாடறிந்த செய்தி. ஆனால் 1925இல் அந்தக் குழந்தையிடம் யாரும் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டிருப்பார்களா? அக்காலத்தில் குழந்தைகளைக் கேட்கும் வழக்கம் அரிது. பெரியோரின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி எழுகிறது. அவர்கள் மீதுள்ள மதிப்புக் குறைவதில்லை, கேள்வியும் போவதில்லை.

இராமலிங்கம் பிள்ளை 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் மறைந்தார். இராஜாஜி அதே ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவன்று மறைந்தார். நான்கு மாத இடைவெளி. ஒருவர் பாட்டெழுத, மற்றவர் தொண்டர்களை நடத்திச் சென்ற வேதாரணியப் பாதையில் சேர்ந்தவர்கள், ஏறத்தாழ ஒன்றாகவே விடைபெற்றார்கள். இதைச் சொல்லி நான் விடைபெற்றபோது இரவு ஒன்பது மணி.

அன்றிரவே எந்த முடிவும் ஏற்படவில்லை. அடுத்த வாரம் பையன் பெங்களூருக்குத் திரும்பிப் போனான். இராஜினாமாக் கடிதம் எழுதப்படவில்லை, கிழிக்கப்படவும் இல்லை. தவணை முடியும் வரை வேலையில் இருப்பதென்றும், வெள்ளி இரவு புறப்பட்டு ஊர் வந்து, சனிக்கிழமைகளில் இராசிபுரம் வழியாகத் தம்மம்பட்டி சென்று கற்பதென்றும் தந்தையும் மகனும் தொலைபேசியிலேயே பேசிக்கொண்டார்களாம். முதல் மாதம் அவன் தனியே போனான். இரண்டாம் மாதம், பேருந்து நிலையம்வரை வழியனுப்பச் சென்ற தந்தையும் கூடவே ஏறிக்கொண்டார்.

நான் இதை எழுதும்போது பதினான்கில் ஐந்து தவணைகள் கட்டியாகிவிட்டன. சென்ற மாதம் அவனுடைய இடக்கைக் கட்டைவிரலில் உளி பாய்ந்து மூன்று தையல் போட்டார்கள். போன ஞாயிறு கோவில் முற்றத்தில் அம்மையார் அதைச் சொல்லிக் கவலைப்பட்டார். சற்றுத் தள்ளி நின்ற கணவர், "உளி தீட்டியிருந்தால் வழுக்கியிருக்காது, மொண்ணை உளிதான் கையை வெட்டும். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்" என்று முணுமுணுத்தபடி, தம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.